நாற்றம் நின்ற தெரு

வேலூர்
7-9-1931

ஆம்பூர் நற்காற்றுச் சங்கத்தின் காரியதரிசி அமீர் பாஷா வாத்தியார் அவர்களுக்கு,

நான் காசியின் தங்கை அன்னம்மாள். இங்கே ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். தோல் பட்டறைகளின் கழிவுநீர் வந்து சேரும் உங்கள் தெருக் குழிகள் நான்கிலும் இறங்கிச் சேறு அள்ளியவன் என் அண்ணன். ஆகஸ்டு 13-ஆம் தேதி இரண்டாம் குழியில் இறங்கினான், பிணமாகத்தான் வெளியே வந்தான். தந்தி கிடைத்து, காட்பாடியில் ரயில் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை.

குடித்துவிட்டு இறங்கித் தவறி விழுந்தான் என்று போலீஸ் காகிதத்தில் இருக்கிறதாம். சாட்சிக் கையெழுத்து உங்களுடையது என்றார்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். அவன் குடித்திருந்ததை நீங்கள் பார்த்தீர்களா?

நான்கு வருடத்துக்கு முன் என் அண்ணி அமிர்தவள்ளியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் அவன். இப்போது அவள், "நாலு வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கான், போவட்டும்" என்கிறாள். அவன் படுத்த பாயை எரித்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் அழாமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு
அன்னம்மாள்


786
ஆம்பூர்
11-9-1931

காசியின் தங்கை அன்னம்மாளுக்கு அமீர் பாஷா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. காசி நல்ல வேலைக்காரன். அவன் போனதில் எங்களுக்கும் வருத்தம்தான்.

எங்கள் சங்கத்தைப் பற்றி உனக்கு யாராவது தவறாகச் சொல்லியிருக்கலாம். இதில் கூலி வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. பட்டறைகளுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்ததும், தோல் பதனிடும் மரப்பட்டை விற்கிற வியாபாரி, தையற்காரர், பள்ளிக்கூட வாத்தியாரான நான், எல்லோரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கல் சுமந்தோம். மலையடிவாரத்திலிருந்து வண்டி வண்டியாகப் பலகைக் கற்களை ஏற்றி வந்து நான்கு குழிகளையும் மூடினோம். இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசினோம். ஊசி நுழைய இடமில்லை. ரயிலில் ஆம்பூரைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவதை நீயே பார்த்திருப்பாய். எங்கள் தெருவில் இப்போது நாற்றம் நின்றுவிட்டது. பெண்கள் அந்தக் கற்களின் மேல் மிளகாய் உலர்த்துகிறார்கள், பிள்ளைகள் பாண்டி ஆடுகிறார்கள். என் மகள் வஜீதாவுக்கு எட்டு வயது. மூச்சிரைப்பால் இரண்டு வருடம் உட்கார்ந்தபடியே தூங்கினவள், இப்போது படுத்துத் தூங்குகிறாள்.

அன்றைக்குச் சேறு எடுக்க ஒரே ஒரு கல்லைத்தான் பெயர்த்தோம். அவன் இறங்கினான். சத்தமே வரவில்லை. கெட்ட காற்று என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் உள்ளே நாற்றமே இல்லை. குடிதான் என்று எங்கள் தலைவர் மஹபூப் பாஷா சாகிப் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆண்டவன் அவன் பிழையைப் பொறுப்பானாக.

அமீர் பாஷா
காரியதரிசி


வேலூர்
15-9-1931

வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குடித்திருந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். நீங்கள் கல் சுமந்த கதையை எழுதியிருக்கிறீர்கள். மஹபூப் பாஷா சாகிப் 'சொன்னார்', என் அண்ணன் 'இறங்கினான்'. இருக்கட்டும்.

என் முதல் சம்பளத்தில் அவனுக்கு ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். புதைப்பதற்கு முன் அண்ணி அதைக் கழற்றி எனக்காக வைத்திருந்தாள். கன்னங்கரேல் என்று இருக்கிறது. காலையில் கஞ்சி குடிக்கும்போது அது பளிச்சென்று இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "கருப்பு அடிச்சதுல கறுத்துப் போச்சு" என்று பேய் மேல் பழி போட்டுச் சேரியில் பேசிக்கொள்கிறார்கள். நான் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன், போகமாட்டேன் என்கிறது. சாராயம் மோதிரத்தைக் கறுக்க வைக்குமா வாத்தியார்? அன்றைக்கு அந்தக் குழியைக் குனிந்து பார்த்தவர்கள் யார் யார்? அவர்கள் உடம்பில் வெள்ளி ஏதாவது இருந்ததா? இதற்காவது பதில் எழுதுங்கள்.

இன்னொன்று. குழிகளில் அள்ளிய சேற்றை அண்ணன் எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் தெரியுமா? எங்கள் சேரிக்குப் பின்னால். அங்கேதான் கொட்ட வேண்டும் என்று உங்கள் சங்கம் சொல்லியிருந்தது. உங்கள் தெருவில் நின்ற நாற்றம் எங்கேயும் தொலைந்துபோய்விடவில்லை.

அன்னம்மாள்


786
ஆம்பூர்
25-9-1931

அன்னம்மாள் அவர்களுக்கு,

பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். மனைவி நசீமுன்னிசா, "யாருக்கு இவ்ளோ காகிதம் செலவாவுது?" என்று கேட்டுவிட்டாள்.

நான்தான் குனிந்து பார்த்தேன். காசி விழுந்ததும் பாதி உடம்பைக் குழிக்குள் விட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். என் கடிகாரத்துக்கு வெள்ளிச் சங்கிலி உண்டு. அன்று சாயங்காலம் பார்த்தால் அது கறுத்திருந்தது. வாணியம்பாடிக் கடைக்காரன் ஈயத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். போய் அவனோடு சண்டையும் போட்டேன். பாவம், உரசிக் காட்டினான். சுத்தமான வெள்ளி.

அவன் குடித்திருந்ததை நான் பார்க்கவில்லை.

கல்லைப் பெயர்த்தபோது ஒரே ஒரு நொடி அழுகிய முட்டை வாடை வந்தது. உடனே போய்விட்டது. அப்போது நான், "பாத்தியா காசி, நாத்தமே இல்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. அத்தர், பிரியாணி, பள்ளிக்கூடத்து மூத்திரச் சந்து, எதுவும் தெரிவதில்லை. ஊருக்கே நல்ல காற்று வாங்கிக் கொடுத்தவன் நான், எனக்கு எந்தக் காற்றும் இல்லை.

இதை உங்களிடம் சொல்வது சரியா என்று தெரியவில்லை. இறங்குவதற்கு முன் காசி மண்வெட்டிக் காம்பால் கல்லில் மூன்று தடவை தட்டுவான், பாம்பு கீம்பு இருந்தால் ஒதுங்கட்டும் என்று. அவனை எடுத்த மறுநாளே இரண்டாம் குழியைப் பழையபடி மூடிக் காரை பூசிவிட்டோம். சாயங்காலம் மக்ரிபு தொழுகைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று தட்டு கேட்கிறது. மேலே யாரும் இல்லை. கல்லுக்கு அடியிலிருந்து வருகிறது. என் பயம்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் வஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நின்றுவிட்டாள். "கீழ யாரு தட்டுறாங்க அப்பா?" என்றாள். தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் என்றேன். "தண்ணி எண்ணி எண்ணித் தட்டுமா?" என்றாள்.

நீங்கள் நர்ஸ். போன மூக்கு திரும்புமா?

அமீர் பாஷா


வேலூர்
28-9-1931

வாத்தியார் அவர்களுக்கு,

முதல் தடவையாக, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொருவர் கையால் எழுதிப் பார்ப்பது வேறு.

மோதிரத்தை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். கழிவை அடைத்து வைத்தால் அதில் ஒரு வாயு ஊறுமாம். கொஞ்சமாக இருந்தால் நாறும். ஜாஸ்தியானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் தெரியாது. அதற்குள் இறங்கினவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதான். நாற்றம் இல்லை என்று நீங்கள் சந்தோஷப்பட்ட இடத்தில்தான் சாவு இருந்திருக்கிறது.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஒருவன் செத்தால் அதே வீட்டு ஆள் அவன் வேலைக்கு வந்து குழியில் இறங்க வேண்டும் என்பது உங்கள் தெருவில் வழக்கம். அண்ணிக்கு ஒரே தம்பி, சுப்பராயன். மழைக்கு முன்னால் மூன்றாம் குழியைச் சுத்தம் செய்ய அக்டோபர் 14-ஆம் தேதி அவனை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இறங்கினால் செத்துப்போவான். எல்லாக் கற்களையும் இப்போதே எடுங்கள். பல நாள் திறந்து கிடக்கட்டும். பிறகு ஒரு கூடையில் கோழியை வைத்துக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். கோழி உயிரோடு வந்தால்கூட, இடுப்பில் கயிறு கட்டாமல் ஆளை இறக்காதீர்கள்.

மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தட்டுவது என் அண்ணனா என்று என்னிடம் கேட்காதீர்கள். வார்டில் நோயாளிகளின் மூச்சை எண்ணும்போது நடுவில் அவன் மூச்சு வந்து கலந்துவிடுகிறது. எண்ணிக்கை தப்பி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அன்னம்மாள்


786
ஆம்பூர்
3-10-1931

அன்னம்மாள் அவர்களுக்கு,

கடிதம் வந்த அன்றே மஹபூப் பாஷா சாகிபின் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வஜீதாவும் என்னோடு வந்திருந்தாள். என்னை முன்ஷி என்றுதான் கூப்பிடுவார் அவர். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவ படுத்துத் தூங்குறாளாமே முன்ஷி, இதுக்குத்தானே நம்ம இவ்ளோ பாடுபட்டோம்!" என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கற்களை எடுத்தால் அவளுக்கு மறுபடியும் இரைப்பு வரும். இதை யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நீங்கள் என்னைத் திட்டலாம்.

இன்னொரு சங்கடம். 12-ஆம் தேதி ஜில்லா சுகாதார அதிகாரி எங்கள் தெருவைப் பார்க்க வருகிறார். அதே மாதிரி தங்கள் ஊரிலும் மூடுவதற்குப் பார்த்துப்போக வாணியம்பாடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தோரணம், சந்தனம், ஃபோட்டோ எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அது மட்டும் முடியட்டும். 13-ஆம் தேதி காலையில் நானே கடப்பாரை எடுக்கிறேன். 14-ஆம் தேதி சுப்பராயனை இறங்க விடமாட்டேன். குரான் மேல் ஆணை.

அமீர் பாஷா


வேலூர்
6-10-1931

வாத்தியாருக்கு,

13 என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை என்ன நடக்கும் என்று எங்கள் வார்டில்கூட நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

சுப்பராயனுக்கு எழுதிப் போட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்கிறவர் பட்டறை மேஸ்திரி. என்ன படித்துச் சொன்னாரோ! லீவு கேட்டேன். டைபாயிடு நேரம், பதினைந்து வரைக்கும் கிடையாது என்றுவிட்டார்கள். என்னால் வர முடியாது, உங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. என் அண்ணனும் உங்களை நம்பித்தான் இறங்கினான்.

உங்கள் பெண்ணுக்காக ஜெபம் செய்கிறேன். அவள் பேரில் எனக்குக் கோபம் இல்லை.

அன்னம்மாள்


786
ஆம்பூர்
16-10-1931

அன்னம்மாள் அவர்களுக்கு,

சுப்பராயன் உயிரோடு இருக்கிறான். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

12-ஆம் தேதி காலை அதிகாரி வந்தார். மாலை போட்டோம். தெரு முழுக்க நடந்தார், மூச்சை இழுத்து இழுத்து விட்டார், "பேஷ்" என்றார். நான் எழுதி வைத்திருந்த வரவேற்பைப் படித்தேன். பிறகு அவர், குழி எவ்வளவு ஆழம், எவ்வளவு சேறு தேங்குகிறது, ஒரு கல்லைத் தூக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார். வாணியம்பாடிக்காரர்களும் பார்க்க வேண்டும் என்றார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை. மஹபூப் பாஷா சாகிப் உடனே, "அதுக்கென்ன, ஆள் இருக்குதே" என்று சொல்லிச் சுப்பராயனைக் கூப்பிட்டார். அவன் தோரணம் கட்ட வந்து ஓரமாக நின்றிருந்தான். மூன்றாம் குழியின் கல்லைப் பெயர்த்தார்கள். அளவுகோலை அவன் கையில் கொடுத்தார்கள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தேன். அப்போதும் வாய் வரவில்லை. அந்தக் கல்லில் அவன் மூன்று தடவை தட்டினான்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "காசி, எறங்காத!" என்று கத்தினேனாம். ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்தேனாம். அவன் மிரண்டு, "வுடு சாமி, நான் சுப்பராயன்" என்றானாம். அந்தக் குரல் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பைத்தியம் என்று என்னை இழுத்துப்போகப் பார்த்தார்கள். அதிகாரி, "அவர் சொல்லட்டும்" என்றார். தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். காசி குடிக்கவில்லை என்றேன். பார்க்காததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். உங்களிடமும் மறைத்த ஒன்று உண்டு, அதையும் அங்கேதான் சொன்னேன். காரை பூசிய அன்று உங்கள் அண்ணன் ஒரு மூங்கில் குழாயைக் கொண்டுவந்து நின்றான். "இதையாச்சும் சொருகி வுடு வாத்யாரே, குழி மூச்சு வுட வேணாவா?" என்றான். "மூச்சு வுட்டா நாறும்டா" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கோழியை இறக்கினோம். எதிர்வீட்டு ஃபரீதாவின் கோழி. நான்கு முழம் போவதற்குள் சிறகடிப்பது நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தபோது கழுத்து தொங்கியது. பெண்கள் அலறிக்கொண்டு பிள்ளைகளைக் கற்களின் மேலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோரணத்துக்குக் கீழே நானும் அதிகாரியும் சுப்பராயனும் செத்த கோழியும்தான் இருந்தோம். சுப்பராயன் மட்டும், "எங்க மாமன் குடிக்கலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான்கு குழிகளும் திறந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் புகைபோக்கி மாதிரி குழாய் வைத்துத்தான் இனி மூட வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரைக்கும் தெரு நாறுகிறதாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது. சங்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை. "ஒரு வருஷத்து உழைப்பு, முன்ஷி" என்று மட்டும் சொல்லிவிட்டு மஹபூப் பாஷா சாகிப் கதவைச் சாத்திக்கொண்டார். முந்தாநாள் வஜீதாவுக்கு இரைப்பு வந்துவிட்டது. நசீமுன்னிசா அவளைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்தில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இரண்டாம் குழிமேல் இப்போது கல் இல்லை. ஆனாலும் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

அமீர் பாஷா


வேலூர்
21-10-1931

வாத்தியார் அவர்களுக்கு,

நேற்று லீவில் ஊருக்குப் போய் வந்தேன். உங்கள் தெருப் பக்கம் வரவில்லை. வந்தால் உங்களை என்ன சொல்வேனோ என்று பயமாக இருந்தது.

அந்த மூங்கில் குழாய் சமாசாரத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சுப்பராயனைக் காப்பாற்றினீர்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன். மன்னிப்பு வேறு. அது எனக்கு வரும்போது எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "ஆஸ்பத்திரிக்காரிக்கு ஆறுதல் சொல்றதுக்குப் பொய்க்கா பஞ்சம்" என்றாள். சுப்பராயன் சொன்னதையும் நம்பவில்லை, மாமன் மேல் பாசத்தில் சொல்கிறான் என்கிறாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டவரு வாயால சொல்லட்டும். எங்க வூட்டு வாசல்ல நின்னு, நாலு பேர் கேக்கச் சொல்லட்டும். அப்புறம் நான் அழுவுறேன்" என்றாள்.

இவ்வளவுதான். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

அன்னம்மாள்


786
ஆம்பூர்
24-10-1931

அன்னம்மாள் அவர்களுக்கு,

முதல் குழாயை நேற்று நட்டோம். நானும் சுப்பராயனும் மட்டும்தான். கூலி வேண்டாம் என்றுவிட்டான். வஜீதாவுக்கு இரைப்பு கொஞ்சம் கம்மி என்று குடியாத்தத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உங்கள் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் கேட்டபடியே வாசலில் நின்று சொல்கிறேன். சேரி எங்கள் தெருமுனையிலிருந்து கூப்பிடு தூரம்தான். இத்தனை வயதுக்கு நான் அதற்குள் போனதில்லை. சுப்பராயனிடம் வழி கேட்கலாம் என்று இரண்டு தடவை வாய் எடுத்தேன். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் பதினொரு வருடம் எங்கள் தெருவுக்கு வந்து போனார். அவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து எழுதுங்கள்.

அமீர் பாஷா